தோல் நோய்க்குக் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும்? சென்னை அரசு தோல் சிகிச்சை பற்றி ஒரு மதிப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு தோல் ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வருகிறவர்கள் நிறைய. அங்கே அதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தத் திட்டம் பணம் கட்டுவது, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற வைத்தியத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும்தான். தோல் நோயோ பெரும்பாலும் நடந்து வந்து, காட்டிவிட்டு, களிம்பு வாங்கிக்கொண்டு போகிற நோய். இது புரியாமல், "கார்டு இருக்கே" என்ற நம்பிக்கையில் தனியார் ஸ்கின் கிளினிக்கில் போய் உட்கார்ந்து, கன்சல்டேஷன், களிம்பு, மாத்திரை எல்லாவற்றுக்கும் கைக்காசு கொடுத்துவிட்டு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஆக, பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் ஒருவருக்குச் சென்னையில் தோல் சிகிச்சைக்கு மூன்று வாசல்கள். அட்டையே தேவைப்படாத அரசு ஓ.பி. ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடுமையான நோய்க்குக் காப்பீட்டுத் திட்டம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எந்த நோய்க்கு எந்த வாசல் என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அரசு தோல் ஓ.பி.

சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் கே.எம்.சி., ராயப்பேட்டை ஆஸ்பத்திரி ஆகிய இடங்களில் தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். டாக்டர் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. காலை ஏழரைக்கு ஓ.பி. தொடங்கும். பதினோரு மணிக்கு மேல் போனாலும் டாக்டரைப் பார்த்துவிடலாம், ஆனால் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது அன்றைக்கு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் மறுபடி பஸ் ஏற வேண்டும். ஒன்பதுக்குள் சீட்டு கையில் இருப்பது நல்லது. சொரியாசிஸ், வெண்புள்ளி போன்றவற்றுக்குத் தனி கிளினிக் நாள் வைத்திருக்கும் துறைகள் உண்டு. முதல் தடவை போகும்போதே அந்தக் கிழமையைக் கேட்டு ஓ.பி. சீட்டின் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே தரம் எப்படி என்று கேட்டால், நோயைக் கண்டுபிடிப்பதில் முதல் தரம். ஒரே காலையில் தொழுநோயும் படர்தாமரையும் கொப்புள நோயும் மருந்து ஒவ்வாமையும் பார்க்கிற கண்கள் இவை. நகரத்தில் அழகு சிகிச்சையை முக்கியத் தொழிலாகக் கொண்ட கிளினிக்குகளில் இந்தப் பழக்கம் வர வாய்ப்பில்லை. பிளேடால் லேசாகச் சுரண்டி எடுத்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழையைத் தேடுகிற கே.ஓ.எச். பரிசோதனை எளிமையானது. அது செய்யப்பட்டால் படர்தாமரையா கரப்பானா என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சந்தேகமான இடத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவில் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்சியும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. மரத்துப்போக ஊசி, ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான்.

குறை, நேரம். ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியிடம் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. இதுவரை தடவிய எல்லா டியூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளை டியூப், பச்சை எழுத்து" என்றால் யாருக்கும் புரியாது. தடிப்பு வந்து வந்து மறைகிற நோயாக இருந்தால் வந்திருக்கும்போதே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். காஞ்சொறித் தடிப்பு ஒவ்வொன்றும் பொதுவாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும், ஓ.பி.க்கு வரும்போது தோல் சுத்தமாக இருக்கும். அன்று காலை எண்ணெயோ பவுடரோ மஞ்சளோ பூச வேண்டாம். சர்க்கரை, பி.பி., வலிப்பு, மூட்டுவலி என்று எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அந்த மாத்திரை அட்டைகளும் பையில் இருக்கட்டும். மருந்தால் வந்த தோல் நோயைப் பிடிக்க அதுதான் ஆதாரம்.

களிம்பின் கணக்கு

எங்கள் பெரிய புகார் இங்கேதான். டாக்டர் சரியாக எழுதுகிறார், மருந்தகத்தில் கிடைக்கும் அளவு போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பு முதல் நுனி வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது, விரல்களோடு சேர்த்து, இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். பெரியவர் ஒருவரின் ஒரு காலுக்கு, பாதம் தவிர்த்து, ஆறு விரல்நுனி, அதாவது மூன்று கிராம். இரண்டு காலும் சொரியாசிஸ், காலையும் இரவும் தடவ வேண்டும் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு கிராம். பதினைந்து கிராம் டியூப் ஒன்றே கால் நாளில் தீரும். இரண்டு டியூப் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு இழுப்பவர், பூசவேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பூசவில்லை. அப்புறம் "ஜி.எச். மருந்து கேட்கவில்லை" என்று பேர். மருந்தின் தரத்தில் குறையில்லை, அளவில்தான் குறை.

என்ன செய்வது? உடம்பில் எத்தனை உள்ளங்கை அளவு பரவியிருக்கிறது என்று எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். "டியூப் எத்தனை நாள் வரும்?" என்று கேட்டு, எண்ணிக்கையைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை எழுதாத சீட்டுக்கு மருந்தகத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். மருந்து இருப்பில் இல்லையென்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) சொல்லிக் கேளுங்கள். அதற்காகவே மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்வது நல்லது. தோல் வறட்சிக்கு விலை கூடிய லோஷன் கட்டாயம் இல்லை. லிக்விட் பாரஃபினும் வெள்ளை வாசலினும் குளித்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் போகும் முன் பூசினால் நன்றாகவே வேலை செய்யும்.

சிரங்குப் பூச்சிக்கு, ஸ்கேபீஸ் என்று சீட்டில் எழுதுவது, இந்த அளவுப் பிரச்சினை இன்னும் மோசம். ஓ.பி. சீட்டு ஒருவருக்கு ஒன்று, அதனால் மருந்தும் ஒருவருக்கு மட்டும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வந்தால், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூடப் படுக்கிற எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். தாய் மட்டும் பூசிக்கொண்டு இரண்டு வாரத்தில் மறுபடி வருவது இதனால்தான். ஆகவே நான்கு பேர் இருந்தால் நான்கு சீட்டு போடுங்கள், நான்கு பேரும் வாருங்கள். பெர்மெத்ரின் ஐந்து சதவீதக் களிம்பு பெரியவர் ஒருவருக்கு முப்பது கிராம் வரை வேண்டும். கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, தொப்புள், அக்குள், பிறப்புறுப்பு, நகத்தடி எதையும் விடாமல் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்துக் குளித்து, ஏழாம் நாள் மறுபடி ஒரு முறை. இரவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். உடுத்திய துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம், துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் இறுகக் கட்டி வைக்கலாம். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். அதற்காக மறுபடி மறுபடி அதே களிம்பைப் பூசினால் தோல் எரிச்சல்தான் மிச்சம்.

படர்தாமரை: மருந்துக்கடை செய்த கேடு

சென்னையின் வியர்வைக்கும் இறுக்கமான ஜீன்ஸுக்கும் படர்தாமரை எப்போதும் உண்டு. இப்போது அது கட்டுக்கடங்காமல் போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் நாலு மருந்துக் கலவை டியூப்கள். குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின் என்று ஒரே டியூபில் இருக்கும். இதில் குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. மூன்று நாளில் அரிப்பு நின்று சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து ஊதாக் கோடுகள் விழும், அவை மறையாது. 2018இலேயே பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை வந்தது. கடைகளில் நிலைமை இன்னும் மாறவில்லை என்பது வருத்தம்.

அரசு ஓ.பி.யில் இதற்குக் களிம்போடு, பூஞ்சையைக் கொல்ல உள்ளுக்குச் சாப்பிடும் இட்ராகொனசோல் அல்லது டெர்பினஃபின் எழுதுவார்கள். சிகிச்சை ஆறு, எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் நீளும். ஆனால் மாத்திரை ஒரு தடவைக்குச் சில நாளுக்குத்தான் கொடுக்கப்படும். கூலி வேலைக்காரர் ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து வாங்க வேண்டும். இரண்டாம் தடவையோடு நின்றுவிடுகிறார், நோய் நிற்பதில்லை. நீண்டகால மருந்தை மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாடு சர்க்கரைக்கும் பி.பி.க்கும் இருக்கும்போது தோலுக்கும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. இட்ராகொனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போடுங்கள். அதே வேளையில் அல்சர் மாத்திரை போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சொரியாசிஸும் வெண்புள்ளியும்

இந்த இரண்டுக்கும் ஒளி சிகிச்சை, 311 நானோமீட்டர் குறும்பட்டைப் புற ஊதா ஒளி, பெரிய அரசு மருத்துவமனைகளில் இலவசம். வெளியே ஒவ்வொரு தடவைக்கும் காசு. ஆனால் இது வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் வந்து சில நிமிடம் நிற்கிற சிகிச்சை. சொரியாசிஸுக்கு இரண்டு மூன்று மாதம், வெண்புள்ளிக்கு ஆறு மாதத்துக்கும் மேல். சிகிச்சை இலவசம், வந்து போவதும் வேலைக்கு விடுப்பும் இலவசம் இல்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இல்லாதது பெரிய உதவி. ஆண்களுக்கு வேலை நேரம்தான் இடிக்கிறது, மாலையில் ஓர் அறை திறந்தாலே பலர் நடுவில் விடாமல் முடிப்பார்கள். இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டால் அதைச் சொல்லிவிட்டு மெஷினில் நில்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். சொல்லாமல் நின்றால் தோல் வெந்துபோகும்.

சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதப்பட்டவர்கள் ஒரு விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. இரண்டரை மில்லிகிராம் மாத்திரையை மூன்று என்று எழுதியிருந்தால் அந்த ஒரு நாளுக்கு மூன்று, தினமும் மூன்று இல்லை. தினமும் சாப்பிட்டு வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. "ஞாயிறு மட்டும்" என்று கிழமையை மருந்து உறையின் மேல் தமிழில் எழுதி வாங்குங்கள். கூடத் தரும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் சொன்ன தேதியில் எடுக்காமல் அடுத்த சீட்டு வாங்க வேண்டாம். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அட்டை உயிர் காக்கும் இடம்

வாயில் ஆறாத புண், பிறகு உடம்பில் தொட்டால் உடையும் கொப்புளம் என்று வரும் பெம்பிகஸ், மாத்திரை ஒவ்வாமையில் காய்ச்சலோடு கண், வாய் வெந்து தோல் உரியும் நிலை, உடம்பு முழுக்கச் சிவந்து செதில் உதிர்வது, இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் தோல் ஓ.பி. வரிசையில் நிற்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இங்கேதான் காப்பீட்டுத் திட்டம் வேலை செய்கிறது. 2012இல் தொடங்கி, பிறகு மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தில் பதிய வேண்டும். சென்னைக்கு அது ராஜாஜி சாலை. வருமானச் சான்றிதழை முதலில் இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள், அதில்தான் நாள் போகிறது.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில். ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு. மகன் கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கியிருப்பார், பழைய அட்டையிலேயே இருப்பதாக நினைத்திருப்பார். மருமகள் பெயர் எதிலுமே இருக்காது. நோயாளி வார்டில் படுத்திருக்கும்போது இதைத் திருத்த அலைவது கொடுமை. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் அட்டை இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது. தனியாரில் போனால் அந்த மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் நோய்க்கான சிகிச்சைத் தொகுப்புக்கு அங்கே அனுமதி உண்டா என்பதையும், முன் அனுமதி வந்துவிட்டதா என்பதையும் திட்டப் பிரிவில் கேட்டுவிட்டுப் படுங்கள். அனுமதி வந்த தொகுப்புக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அப்போதே புகார் செய்யலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடரும் மாத்திரைக்கு மறுபடி அரசு ஓ.பி.தான். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் இரண்டின் நகலையும் விட்டுவிடாதீர்கள். பருத் தழும்பு, மங்கு, முடி நடுதல் போன்ற அழகு சிகிச்சைக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

ஈ.எஸ்.ஐ.

தோல் நோய்க்கு மூன்றில் பொருத்தமான காப்பீடு இதுதான், ஏனென்றால் ஓ.பி.யும் மருந்தும் இதற்குள் அடக்கம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு, ஆனால் அவர்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். முதலில் உங்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, அங்கிருந்து ரெஃபரல் வாங்கிக் கே.கே. நகர் அல்லது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திருப்பி அனுப்பப்படுவதுதான் பலரும் இழக்கிற நாள். எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால், இல்லை என்று சீட்டில் எழுதி முத்திரை வாங்கி, வெளியே வாங்கிய பில்லோடு டிஸ்பென்சரியில் கொடுத்துப் பணம் திரும்பக் கேட்கலாம். முத்திரை இல்லாத பில் தேறாது. பணம் வரத் தாமதமாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் யாரும் கேட்டுப் பெறாத உரிமை ஒன்று உண்டு. வேலையால் வந்த தோல் நோய், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோயாக இருக்கிறது. சிமெண்டில் கை வெடிக்கும் கட்டடத் தொழிலாளி, குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத் தோல் பதனிடும் பட்டறைத் தொழிலாளி, ரப்பர் கையுறையால் புண்ணாகும் துப்புரவுப் பணியாளர், எல்லோருக்கும் இது பொருந்தக்கூடும். எது ஒவ்வாமை என்று நிரூபிக்க பேட்ச் டெஸ்ட் உண்டு. முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். திங்கள்கிழமை ஒட்டினால் புதனும் வெள்ளியும் வர வேண்டும். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. சென்னையில் மே மாதத்தில் இது ஏறக்குறைய முடியாத காரியம், டிசம்பர், ஜனவரியில் கேளுங்கள்.

வேலை முடித்து மாலையில் மட்டுமே வர முடிகிறவர்களுக்கு மாநகராட்சியின் பாலிகிளினிக்குகள் உண்டு. மாலை நாலரை முதல் எட்டரை வரை, தோல் டாக்டர் குறிப்பிட்ட கிழமையில் மட்டும். கிழமையை வாசல் பலகையில் பார்த்துக்கொண்டு போங்கள். கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கிறது. தேமல், பரு, சிரங்குக்கு ஜி.எச். வரை போகத் தேவையில்லை.

வெளுத்த அல்லது சிவந்த தேமல் ஒன்றில் பேனா முனையால் தொட்டால் உணர்ச்சி இல்லையா? தொழுநோயாக இருக்கலாம், அதற்கு எந்த அட்டையும், எந்த வருமானச் சான்றிதழும் வேண்டாம். தொழுநோய்க் கூட்டு மருந்து நாடு முழுவதும் இலவசம், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். அதிலுள்ள ரிஃபாம்பிசினை மாதத்துக்கு ஒரு முறை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நடுவில் திடீரெனக் கை கால் நரம்பு வலித்தால், விரல் மடங்கினால், அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காமல் மறுநாள் காலையே ஓ.பி.க்குப் போய்விடுங்கள்.